திரியிலிருந்து தொடங்குங்கள்

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே அலங்கார மெழுகுவர்த்தி செய்ய ஆசைப்படுகிறவர்கள் நட்சத்திர அச்சு எங்கே கிடைக்கும், சிவப்பு நிறம் எப்படி வரும், மினுமினுப்புத் தூள் எவ்வளவு போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். திரியைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் செய்த வர்த்தி நன்றாக எரியுமா, பாதியில் மூழ்கி அணையுமா, கூரையைக் கரியாக்குமா என்பதெல்லாம் திரியின் கையில் இருக்கிறது. அலங்காரத்தை அதற்குப் பிறகு யோசிப்பதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

சுடர் எதைத் தின்கிறது என்று முதலில் பார்ப்போம். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகுவர்த்தியும் அப்படித்தான், இங்கே எண்ணெய் கெட்டியாக நிற்கிறது, அவ்வளவே. சுடர் தன் காலடியில் இருக்கும் மெழுகை உருக்கிக் குளமாக்குகிறது. உருகிய மெழுகு பருத்தி இழைகளுக்கு நடுவே ஏறிப்போய் உச்சியில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். நம்பிக்கை வரவில்லையென்றால், நன்றாக எரிந்துகொண்டிருக்கும் வர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, மேலே எழும் வெண்புகையில் உடனே ஒரு தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே தீ புகை வழியாக இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்குக் காட்டிய சோதனை இது. 1860 டிசம்பரில் தொடங்கி அடுத்த மாதமும் நீண்ட அந்தக் கிறிஸ்துமஸ் விரிவுரைகள் ஆறும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியவை. வேதியியலுக்குள் குழந்தையை அழைத்துப்போக இதைவிட நல்ல வாசல் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பண்டிகை நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டுங்கள்.

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. வர்த்தியின் பருமனுக்குத் திரி மெலிந்திருந்தால் குளம் சிறியதாகவே நிற்கும். சுடர் நடுவில் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு இறங்கும். ஒரு கட்டத்தில் உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். திரி தடித்திருந்தால் ஆவி அளவுக்கு மீறிக் கிளம்பும். அத்தனையையும் எரிக்கக் காற்று போதாது. சுடர் நீண்டு ஆடும், கரி கக்கும், திரியின் தலையில் காளான்போல ஒரு முடிச்சு கட்டும். சரியான திரி என்றால் சுடர் அசையாமல் நிற்கும், குளம் மெல்லப் பரவி விளிம்புக்கு அருகில் வந்து நின்றுகொள்ளும். கடைகளில் திரிக்கு எண் போட்டு விற்கிறார்கள்; அந்த எண்கள் கடைக்குக் கடை மாறும். அதனால் ஒரே மெழுகில் இரண்டு மூன்று திரிகளைப் போட்டுச் சிறியதாக வார்த்து, எரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நம்பகமான வழி. நவம்பர் கடைசியிலேயே இதை முடித்துவிடுங்கள்.

சாதாரண முறுக்கு நூலைவிடப் பின்னல் திரியே மேல். அதற்குக் காரணம் உண்டு. பழைய காலத்து வர்த்திகளில் எரிந்த திரி உதிராமல் சுடருக்குள்ளேயே நீண்டு நின்று புகையும். கத்தரியை வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே இருந்து வெட்டிவிட வேண்டும். பிரான்ஸில் 1820-களில் கம்பாசேரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகிறது. காற்று அதிகம் கிடைக்கும் இடம் அது; நுனி அங்கே தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். அதே பத்தாண்டில், அதே நாட்டில், கொழுப்பை வேதியியல் முறையில் பிரித்துக் கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை எடுக்க வழி கண்டவர் செவ்ரல். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் புகையாத, நாறாத மெழுகுவர்த்தி சாதாரண வீடுகளுக்குள் வந்தது. லண்டனில் 1830-இல் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் தேங்காயெண்ணெயிலிருந்து வர்த்தி செய்தது. அதற்காக இலங்கையில் தென்னந்தோட்டமே வாங்கியது. ஐரோப்பியப் பண்டிகையின் வெளிச்சத்தில் நம் பக்கத்துத் தென்னைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

அதைக் கேட்டுவிட்டு, தேங்காயெண்ணெயையே உறைய வைத்து வர்த்தி செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். சென்னையில் மார்கழிப் பகலில்கூட நிற்காது. நமக்கு ஏற்றது பாரஃபின் மெழுகு. 58 முதல் 60 டிகிரியில் உருகும் வகையை, நன்றாகச் சுத்திகரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பாளமாகக் கிடைக்கும். அதோடு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வர்த்தி கெட்டியாகும், வெண்மை கூடும், அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரும். சோயா மெழுகு இளகியது. கண்ணாடிக் குவளையில் ஊற்றி எரிக்க நன்றாக இருக்கும், தனியாக நிற்கும் வர்த்திக்கு வேண்டாம்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? அச்சில் தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். எத்தனை மில்லி வருகிறதோ அதை 0.9-ஆல் பெருக்கினால் அத்தனை கிராம் மெழுகு. 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள வர்த்திக்கு ஏறக்குறைய 350 கிராம். பிறகு அச்சை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் மாட்டிக்கொண்ட வர்த்தி எரியும்போது படபடவென்று வெடிக்கும். நம் ஊரில் கிறிஸ்துமஸ் வேலை நடப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்பதை மறக்க வேண்டாம். திரியைக்கூட மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

மெழுகை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அந்த எல்லைதான் நமக்குக் காவல். அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகு எண்ணெயைப் போலவே தீப்பிடிக்கும். கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுப்படியை விட்டு நகரக் கூடாது. ஒருவேளை பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு நாலாபுறமும் தெறிக்கும். இன்னொன்று, மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மெழுகு முழுதும் உருகியதும் திரியை அதில் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். இழைக்குள் இருக்கும் காற்றும் ஈரமும் குமிழ்களாக வெளியே வரும். குமிழ் நின்றதும் எடுத்து, இழுத்து நேராக்கிக் காகிதத்தில் ஆறவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைத் தவிர்த்தால் புது வர்த்தி ஏற்றும்போதே திணறும். அச்சுக்குள் தேங்காயெண்ணெயை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். அடித்துளையில் திரியைக் கோத்து, வெளிப்பக்கம் களிமண்ணால் அடையுங்கள். மேல்பக்கம் இரண்டு தென்னை ஈர்க்குகளைக் குறுக்கே வைத்து நடுவில் திரியைக் கட்டினால் இம்மிகூட விலகாது. அச்சின் அடி, நாளை வர்த்தியின் தலை என்பதை நினைவில் வையுங்கள்.

80 டிகிரி சூட்டில், நூல் பிடித்ததுபோல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். கொஞ்சம் மெழுகைக் கட்டாயம் மிச்சம் வையுங்கள், ஏனென்றால் மெழுகு ஆறும்போது சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் இறுகுவதால் சுருக்கமெல்லாம் நடுவில் திரியைச் சுற்றிப் பள்ளமாக விழும். மேலே தடித்த ஏடு படிந்ததும் ஒரு கோணி ஊசியால் திரியைச் சுற்றி நாலைந்து துளை குத்தி, மிச்ச மெழுகை முதலில் ஊற்றியதைவிடச் சற்றுச் சூடாக ஊற்றுங்கள். முதல் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் புது மெழுகு அச்சுக்கும் வர்த்திக்கும் நடுவே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஓர் இரவு முழுதும் தானாக ஆறட்டும். அவசரப்பட்டு உறைபெட்டியில் வைத்தால் உள்ளுக்குள் வெடிப்பு விடும்.

வண்ணத்துக்கு வருவோம். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் மட்டுமே உதவும். கேசரிப் பவுடர், தண்ணீர் வண்ணம் எதுவும் மெழுகில் கலக்காது. பிள்ளைகளின் கிரேயானைப் போட்டு உருக்கினால் நிறம் அழகாகத்தான் வரும். ஆனால் அதில் இருப்பது கரையாத நிறப்பொடி. அது திரியின் இழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், சுடர் பட்டினி கிடக்கும். உருகிய மெழுகில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், உறைந்ததும் வெளிறும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு ஆறவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசனையும் அப்படியே. மெழுகுக்கென்று விற்கும் எண்ணெய் வாசனையை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு, ஊற்றுவதற்குச் சற்று முன்னால் சேர்த்தால் போதும். உடலுக்குப் பூசும் சென்டில் ஆல்கஹால் இருக்கிறது; சூடான மெழுகின் பக்கத்தில்கூட அது வர வேண்டாம்.

இப்போது என்ன செய்வது என்று கேட்டால், முதல் ஆண்டில் திருவருகைக்கால வளையத்துக்கான ஐந்து வர்த்திகளைச் செய்யுங்கள் என்பேன். ஊதா மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று, நடுவில் வெள்ளை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். மூன்றாவது மகிழ்ச்சி ஞாயிறு, அன்றைக்கு இளஞ்சிவப்பு. வெள்ளை, பிறப்பு விழாவுக்கு. சபைக்குச் சபை நிறம் கொஞ்சம் மாறும். இந்த வழக்கத்தை 1839-இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கியவர் யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர். அவர் நடத்திய ஆதரவு இல்லத்தின் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை வர்த்திகளும் மற்ற நாள்களுக்கு இருபது சின்னச் சிவப்பு வர்த்திகளும் வைத்தார். நாளுக்கொன்றாக ஏற்றிப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள். ஏழைப் பிள்ளைகளின் காத்திருப்புக்குச் செய்த ஏற்பாடு இன்று உலகம் முழுதும் பீடங்களில் நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

இந்த ஐந்தையும் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் வார்த்தால் ஒவ்வொன்றும் 265 கிராம் அளவில் வரும். ஒன்றரைக் கிலோ வாங்கினால் எல்லாம் அடங்கும். ஊதா மூன்றுக்கும் ஒரே வேளையில் மெழுகு காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் மூன்று ஊதாவாக நிற்கும். ஞாயிறுகளுக்கான நான்கு வர்த்திக்கும் ஒரே திரி, ஒரே மெழுகு. முதல் வர்த்தி நான்கு வாரமும் எரியும், நான்காவது கடைசி ஞாயிறு முதல்தான். எரியும் வேகம் ஒன்றாக இருந்தால் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அவை படிக்கட்டுபோல இறங்கி நிற்கும். கடந்த வாரங்களை அந்த உயரத்திலேயே படித்துவிடலாம். இந்த வளையத்துக்கு அதைவிடப் பெரிய அலங்காரம் வேண்டியதில்லை. வார்த்தவற்றை வெயில் படாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்; ஊதா சீக்கிரம் வெளுக்கும்.

கை பழகிய பிறகு, எனக்கு மிகவும் பிடித்த இலைவிளக்கு வர்த்திக்குப் போகலாம். பன்னம் இலை, கொன்றை இதழ், காகிதப்பூ எதையாவது பழைய புத்தகத்துக்குள் வைத்து இரண்டு வாரம் அழுத்தி உலர்த்துங்கள். 8 செ.மீ.க்குக் குறையாத பருத்த வெள்ளை வர்த்தியின் வெளிப்பக்கத்தில் இலையை வைத்து, வெந்நீரில் காட்டித் துடைத்த கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வர்த்தியை 90 டிகிரியில் உருகி நிற்கும் வெறும் மெழுகில் முழுதாக முக்கி, சில விநாடிகளில் எடுத்துவிடுங்கள். இலைமேல் கண்ணாடிபோல ஓர் ஏடு படியும். இந்த வர்த்திக்குத் திரி வேண்டுமென்றே மெலிந்ததாக இருக்க வேண்டும். மற்ற வர்த்தியில் குறையாகச் சொன்ன அந்தக் குழிதான் இங்கே நமக்கு வேண்டியது. சுடர் நடுவில் இறங்கிப்போகும், வெளிச்சுவர் உருகாமல் நிற்கும், இலை உள்ளிருந்து ஒளிரும். தடித்த திரி போட்டிருந்தால் சுவர் கரைந்து, காய்ந்த இலை நேராகச் சுடரில் விழும். திரியை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பனிக்கட்டி வர்த்தி பிள்ளைகளுக்கு ஆச்சரியம். ஒரு லிட்டர் பழரச அட்டைப்பெட்டியின் தலையை வெட்டிக் கழுவி உலர்த்தி, நடுவில் கடையில் விற்கும் ஒல்லி மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்துங்கள். சுற்றிலும் நெல்லிக்காய் அளவுப் பனிக்கட்டிகளைப் போட்டு, நல்ல சூடான வண்ண மெழுகை ஊற்றுங்கள். பனிக்கட்டி தொட்ட இடத்தில் மெழுகு உடனே உறையும், பனி உருகி நீராகும். ஆறியதும் நீரை வடித்துவிட்டு அட்டையைக் கிழித்தால் உள்ளே வலைப்பின்னல்போல ஓட்டை ஓட்டையாக ஓர் உருவம். நடுவில் இருக்கும் ஒல்லி வர்த்தி, திரியை நீரிலிருந்து காத்துவிடுகிறது. ஒரு நாள் உலரவிட்டு ஏற்றுங்கள். ஓட்டை வழியே மெழுகு வழியும் என்பதால் விளிம்பு வைத்த தட்டு தேவை.

சிரட்டை வர்த்தி நம் ஊருக்கே உரியது. கண் இல்லாத பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் உள்ள பாதி ஒழுகும். நாரை உரசி எடுத்து, அடியில் சிறிய தகரத் தகட்டோடு வரும் திரியை நடுவில் ஒட்டி, விளிம்புக்கு ஒரு விரல் கீழேவரை ஊற்றினால் போதும். சிரட்டை எரியக்கூடியது. குளம் சிரட்டையைத் தொடாதபடி நடுத்தரத் திரியாகப் போட்டு, மணல் பரப்பிய தட்டில் வைத்து, அடியில் ஒரு விரல் மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிட வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் பெரிய சிப்பிகளில் இதையே பயமின்றிச் செய்யலாம்.

மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் அடுப்பே வேண்டாம். தேன்மெழுகுத் தகடு வாங்கி, ஓரத்தில் திரியை வைத்து இறுக்கமாக உருட்டினால் வர்த்தி தயார். கைச்சூடே தகட்டை இளக்கிவிடும். திருச்சபை பல நூற்றாண்டுகள் பீடத்துக்குத் தேன்மெழுகையே கேட்டது. அந்த மணத்தை ஒருமுறை அறிந்தால் காரணம் புரியும். நீலகிரியில் குறும்பரும் இருளரும் பாறைகளில் ஏறி மலைத்தேன் எடுக்கிறார்கள். தேன் வடிந்த அடையிலிருந்து கிடைக்கும் மெழுகு அந்தப் பக்கத்துக் கடைகளில் விற்பனைக்கு வருகிறது. விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

மினுமினுப்புத் தூள், ரிப்பன், இலவங்கப்பட்டைத் துண்டு எல்லாம் எரியக்கூடியவை. மெழுகுக்குள் கலக்காமல், வெளிப்பக்கம் கீழ்ப்பாதியில் மட்டும் வையுங்கள். சுடர் அந்த உயரத்துக்கு இறங்குமுன் கழற்றிவிடுங்கள். நம் வீடுகளில் இன்னும் பெரிய கவனம் வேண்டியது குடிலுக்கும் மரத்துக்கும். குடிலில் வைக்கோல், காகிதப் பாறை. மரமோ பல வீடுகளில் சவுக்குக் கிளை, நாலு நாளில் காய்ந்து சருகாகிவிடும். அவற்றின் அருகே எரியும் வர்த்தி வேண்டவே வேண்டாம், அங்கே மின்விளக்கு போதும். வர்த்திகளையும் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள்; நெருங்கி நின்றால் ஒன்றின் சூட்டில் மற்றது சாயும்.

செய்ததை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். ஏற்றுமுன் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும். முதல் முறை ஏற்றும்போது, அகலத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, குளம் விளிம்பருகே வரும்வரை எரியவிட வேண்டும். முதல் நாள் சீக்கிரம் அணைத்துவிட்டால் அந்தச் சின்ன வட்டத்திலேயே வர்த்தி கடைசிவரை குழி பறிக்கும். இலைவிளக்கு வர்த்திக்கு இந்த விதி இல்லை, அதையும் எழுதிவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்கக் கூடாது. அறையில் ஆள் இல்லாதபோது எரியக் கூடாது.

இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா? மெழுகு விற்கும் இடம் சொல்ல மறந்துவிடப்போகிறேன். சென்னையில் என்றால் பாரிமுனைப் பக்கம் விசாரியுங்கள். மற்ற ஊர்களில் கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் கேட்கலாம். போகும்போது திரியை முதலில் வாங்குங்கள்.